"என் சம்பளம் இவ்வளவுதான்": விவாகரத்து வழக்கில் எதிர்த்தரப்பு காட்டுற கணக்கை வக்கீல் இல்லாமல் கேள்வி கேட்பது எப்படி?



ஆடி மாசம். குற்றாலத்தில் சாரல் அடிச்சுக்கிட்டிருக்கு. தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்குற கூட்டத்தில் பாதிப் பேர் தலையில் எண்ணெய் தேய்க்க ரெடியா அருவிப் பக்கம் போறாங்க. நீங்க மட்டும் கையில் ஒரு ஃபைலோட கோர்ட்டுக்குப் போறீங்க. இன்னைக்கு வாய்தா. எதிர்த்தரப்பு தாக்கல் பண்ணின சொத்து விவர அபிடவிட்டோட நகல் உங்க கைக்கு வருது. புரட்டிப் பார்க்கறீங்க.

மாதச் சம்பளம்: 28,000 ரூபாய். வேறு வருமானம்: இல்லை. அசையாச் சொத்து: இல்லை. கடன்: 9 லட்சம்.

உங்களுக்குத் தலை சுத்துது. ரெண்டு வருஷம் முன்னாடி அதே ஆளோட அக்கவுன்ட்டில் மாசம் 52,000 விழுந்ததை நீங்க கண்ணால் பார்த்திருக்கீங்க. ஐந்தருவி போற வழியில் இருக்கிற நாலு ரூம் காட்டேஜ் சீசன் சனிக்கிழமையில் காலியா இருந்ததே இல்லை. எழுந்து நின்னு "ஐயா, இது மொத்தமும் பொய்"னு சொல்லணும்போல இருக்கு.

சொன்னா என்ன ஆகும்? நீதிபதி கேட்கப்போறது ஒரே கேள்விதான்: "எந்த வரி பொய்? அதுக்கு என்ன ஆதாரம்?"

இது உதாரணக் காட்சி, எண்களும் உதாரணத்துக்குத்தான். ஆனா அந்தக் கேள்வி நிஜம். அதுக்குப் பதில் தயார் பண்றதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. சுருக்கமா சொன்னா, உங்க சந்தேகத்துக்கு கோர்ட்டில் மதிப்பு கிடையாது. அந்தச் சந்தேகத்தை ஒரு வரி, ஒரு ஆவணம், ஒரு கேள்வின்னு மாத்தினா மதிப்பு உண்டு. சம்பள ஸ்லிப் படிக்கத் தெரிஞ்ச எவரும் இதைச் செய்யலாம்.

(இந்தப் பதிவில் "அவர்"னு சொன்னா கணவராவும் இருக்கலாம், மனைவியாவும் இருக்கலாம். ரெண்டு பக்கமும் மறைக்கறவங்க இருக்காங்க.)

முதல்ல, எந்தப் பணத்துக்காக இந்தக் கணக்கு?

நிறைய பேர் வெளிநாட்டு சீரிஸ் பார்த்துட்டு "விவாகரத்துன்னா சொத்தில் பாதி"ன்னு நினைக்கறாங்க. நம்ம நாட்டில் அப்படி ஒரு பொதுவான சட்டம் இல்லை. அவர் பேரில் இருக்கிற வீடு விவாகரத்தால் தானா ரெண்டாப் பிரியாது.

இங்கே கணக்கு கேட்கறது முக்கியமா ஜீவனாம்சத்துக்காக. இந்து திருமணச் சட்டத்தில் வழக்கு நடக்கும்போது கிடைக்கிற இடைக்கால ஜீவனாம்சம் பிரிவு 24. வழக்கு முடியும்போது நிரந்தரமா கிடைக்கிறது பிரிவு 25. இந்த ரெண்டையும் மனைவியும் கேட்கலாம், கணவரும் கேட்கலாம். பிள்ளைங்க செலவுக்குப் பிரிவு 26. மதம் எதுவா இருந்தாலும் கேட்கக்கூடிய ஜீவனாம்ச மனு முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 125-ல் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 144.

கல்யாணத்தில் பொண்ணுக்குப் போட்ட நகை, சீதனம் இதெல்லாம் தனிக் கணக்கு. அது அவளோட சொத்து, ஜீவனாம்சத்தில் கழிக்கிற பணம் இல்லை. அதனால் நகைப் பட்டியல், கடை பில், கல்யாண போட்டோ எல்லாத்தையும் வேற ஒரு ஃபைலில் வெச்சுக்கோங்க.

ராஜ்னேஷ் எதிர் நேஹா: உங்க கையில் இருக்கவேண்டிய தீர்ப்பு

நாக்பூர் குடும்ப நீதிமன்றத்தில் ஆரம்பிச்ச வழக்கு இது. 2015-ல் அந்தக் கோர்ட் மனைவிக்கு மாசம் 15,000 ரூபாயும், சின்னப் பையனுக்கு முதலில் 5,000, பிறகு 10,000 ரூபாயும் கொடுக்கச் சொல்லுச்சு, அதுவும் 2013 செப்டம்பர் முதல் கணக்குப் போட்டு. கணவர் மேல்முறையீடு, மேல்முறையீடுன்னு போய் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வந்தார். 2020 நவம்பர் 4-ம் தேதி நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, சுபாஷ் ரெட்டி அமர்வு தீர்ப்பு சொல்லுச்சு. இடைக்கால ஜீவனாம்சம்னு பேர், ஏழு வருஷம் ஓடிப்போச்சு.

அந்தத் தீர்ப்பு ஒரு குடும்பத்தோட நிக்கலை. ஜீவனாம்ச வழக்கு எந்தச் சட்டத்தில் நடந்தாலும் ரெண்டு தரப்பும் சொத்து, கடன், வருமான விவர அபிடவிட் தாக்கல் பண்ணணும்னு நாடு முழுக்க ஒரே முறையைக் கொண்டுவந்துச்சு. படிவமும் தீர்ப்போட பின்னிணைப்பிலேயே இருக்கு. உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசமா எடுக்கலாம். உங்களுக்குத் தேவையான விஷயங்கள் இவை:

- பதில் தரப்பு அதிகபட்சம் 4 வாரத்தில் பதில் மனுவோட அபிடவிட்டும் தரணும்.
- அதுக்காக ரெண்டு வாய்ப்புக்கு மேல் கொடுக்கக் கூடாது. வேணும்னே இழுத்தடிச்சா அவரோட எதிர்வாதத்தையே நீக்க கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு.
- தாக்கலே பண்ணலைன்னா, உங்க அபிடவிட்டையும் மனுக்களையும் வெச்சே கோர்ட் முடிவு பண்ணலாம்.
- அபிடவிட்டில் தகராறு இருந்தா, கோர்ட் அனுமதியோட எழுத்துக் கேள்விகள் கேட்கலாம், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லலாம்.
- நடுவில் வேலை, சம்பளம் மாறினா கூடுதல் அபிடவிட் போடலாம்.
- இடைக்கால மனுவை 4 முதல் 6 மாசத்துக்குள் முடிக்க முயற்சி பண்ணணும்.
- ஜீவனாம்சம் மனு போட்ட தேதியில் இருந்து கணக்கு.

2023 நவம்பரில் அதிதி எதிர் ஜிதேஷ் சர்மா வழக்கில், கீழ் நீதிமன்றங்கள் இந்த முறையை ஒழுங்கா பின்பற்றலைன்னு உச்ச நீதிமன்றமே மறுபடி நினைவுபடுத்துச்சு. அதனால் உங்க கோர்ட்டில் யாரும் அபிடவிட் பத்திப் பேசலைன்னா, நீங்களே எழுந்து கேட்கறதில் தப்பே இல்லை.

நானே வாதாடலாமா?

தாராளமா. குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984, பிரிவு 13 படி அங்கே வக்கீல் வெச்சுக்கறது ஒருத்தரோட உரிமையே கிடையாது, கோர்ட் அனுமதிச்சாத்தான். குடும்ப நீதிமன்றம் இல்லாத இடத்தில் இந்து திருமண வழக்கு சார்பு நீதிமன்றத்தில் நடக்கும். அங்கேயும் கட்சிக்காரர் நேரில் ஆஜராகித் தானே பேசலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம்.

ஆனா "வக்கீல் இல்லை"ங்கிறதும் "உதவியே இல்லை"ங்கிறதும் ஒண்ணு இல்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12 படி பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாசம் 60,000 சம்பளம் வாங்குற பெண்ணுக்கும் உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பாங்க, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு அந்த வரம்பும் இல்லை. கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப் பணிகள் அலுவலகத்தில் கேளுங்க, இல்லேன்னா 15100-க்குப் போன் போடுங்க. வழக்கை நீங்களே நடத்தினாலும், கீழே வர்ற மனுக்களை ஒரு தடவை அங்கே காட்டித் திருத்தி வாங்கிக்கோங்க.

படி 1: உங்க அபிடவிட்டில் ஓட்டை இருக்கக் கூடாது

எல்லாரும் இந்தப் படியைத் தாண்டிட்டு நேரா எதிர்த்தரப்பு மேல் பாயறாங்க. அங்கேதான் வழுக்கி விழறாங்க.

நீங்க 9 கேள்வி கேட்டு வெச்சிருக்கீங்க. அவர் பக்கம் ஒரே ஒரு கேள்வி வருது: "உங்க எஸ்ஐபி ஏன் அபிடவிட்டில் இல்லை?" முடிஞ்சது. அந்த 3,000 ரூபாய் எஸ்ஐபி பெரிய விஷயமே இல்லை, ஆனா "இவங்களும் மறைக்கறவங்கதான்"னு ஒரு எண்ணம் விழுந்துடும்.

அதனால் முழுசா எழுதுங்க. சம்பளம், போனஸ், பிஎஃப் இருப்பு, எல்ஐசி, நகைக்கடன், சீட்டு, ஃபோன்பே இணைச்ச ரெண்டாவது அக்கவுன்ட், அம்மாவோட சேர்த்து ஓப்பன் பண்ணின ஜாயின்ட் அக்கவுன்ட், எல்லாம். மியூச்சுவல் ஃபண்டுக்கும் பங்குக்கும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை எடுத்தா எதுவும் விட்டுப்போகாது. வருமான வரி போர்ட்டலில் உங்க ஏஐஎஸ் அறிக்கையை டவுன்லோட் பண்ணி ஒத்துப் பாருங்க. நீங்களே மறந்துபோன வட்டி, டிவிடெண்ட் அதில் இருக்கும்.

"நான் வேலைக்குப் போறேன்னு தெரிஞ்சா ஜீவனாம்சமே கிடைக்காதே"ன்னு பயந்து சம்பளத்தை மறைக்கறவங்க இருக்காங்க. மனைவி சம்பாதிக்கறது மட்டுமே தடை இல்லைன்னு ராஜ்னேஷ் தீர்ப்பே சொல்லுது. அந்த வருமானம் போதுமாங்கிறதுதான் கேள்வி. உண்மையைச் சொன்னா தொகை கொஞ்சம் குறையலாம். மறைச்சு மாட்டினா மொத்த வழக்கும் ஆட்டம் காணும்.

படி 2: அவர் அபிடவிட்டை ஆடிட்டர் மாதிரி படிங்க

கோபத்தோட படிச்சா ஒண்ணும் கண்ணில் படாது. ஒரு பென்சில் எடுத்துக்கோங்க. படிவம் எதையெல்லாம் கேட்குதோ அதையெல்லாம் கொடுத்திருக்காரான்னு மட்டும் டிக் அடிங்க.

தனியார் வேலைன்னா, பதவியும் மொத்தச் சம்பளமும் போட்ட நிறுவனச் சான்று, ஃபார்ம் 16. வருமான வரிக் கணக்கு மூணு காலத்துக்கு: கல்யாணத்துக்கு முந்தின வருஷம், பிரியறதுக்கு முந்தின வருஷம், மனு போட்ட சமயம். எல்லா வங்கிக் கணக்குக்கும் கடைசி 3 வருஷ ஸ்டேட்மென்ட். வாடகை, வட்டி, பங்கு வருமானம். கல்யாண காலத்தில் வித்த, மாத்திக்கொடுத்த சொத்தோட பத்திர விவரமும் காரணமும். இதையெல்லாம் அந்தப் படிவமே கேட்குது. எதிர்த்தரப்பின் சொத்து பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதவும் படிவத்தில் ஒரு பகுதி இருக்கு. அதை வெறுமனே விட்டுடாதீங்க.

இனி ஓட்டை எங்கே இருக்கும்னு பார்ப்போம்.

*சம்பளம்.* கையில் வர்ற தொகையை மட்டும் காட்டுவாங்க. 28,000-ங்கிறது கழிவுக்கு அப்புறமா? கழிவில் என்ன இருக்கு? கட்டாய பிஎஃப், வரி ஒரு வகை. தானா கூட்டிக்கிட்ட விருப்ப பிஎஃப், சொசைட்டி லோன், புது கார் இஎம்ஐ இன்னொரு வகை. ரெண்டாவது வகையைக் காட்டி "கையில் காசே இல்லை"ன்னு சொன்னா பொதுவா கோர்ட் அப்படியே ஏத்துக்காது. அதனால் மொத்தச் சம்பளத்தைக் கேளுங்க.

*வங்கிக் கணக்கு.* வருமான வரிக் கணக்குத் தாக்கலில் இயக்கத்தில் இருக்கிற எல்லா வங்கிக் கணக்கையும் எழுதணும். அதில் மூணு கணக்கு இருந்து, அபிடவிட்டில் ஒண்ணுக்கு மட்டும் ஸ்டேட்மென்ட் வந்திருந்தா, அதுதான் உங்க முதல் கேள்வி.

*வெளியே போற பணம்.* உள்ளே வர்றதை எல்லாரும் பார்க்கறாங்க. பிரிஞ்ச மாசத்தில் இருந்து திடீர்னு ஒரே ஆளுக்கு மாசாமாசம் 20,000 போகுதான்னு பாருங்க.

*கடன்.* 9 லட்சத்தில் பேங்க் லோன் எவ்வளவு, "மாமாகிட்ட வாங்கின கைமாத்து" எவ்வளவு? வருமான வரிச் சட்டப்படி பொதுவா 20,000 ரூபாயோ அதுக்கு மேலோ கடனை ரொக்கமா வாங்கக் கூடாது. அப்போ அந்த 5 லட்சம் எந்த பேங்க் வழியா வந்துச்சுன்னு கேட்கலாம் இல்லையா?

படி 3: யார்கிட்டயும் கேட்காமல் நீங்களே எடுக்கக்கூடிய ஆவணங்கள்

நம்ம ஊரில் சொத்துன்னா சம்பளம் மட்டும் இல்லை. இலஞ்சி பக்கம் வயல், செங்கோட்டை பக்கம் தென்னந்தோப்பு, குற்றாலத்தில் காட்டேஜ், பாவூர்சத்திரத்தில் கடை, இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கும். இதில் பல தகவல் பொதுப் பதிவேட்டிலேயே கிடைக்கும்.

சர்வே நம்பர் தெரிஞ்சா பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று பார்க்கலாம். யார் யாருக்கு எந்தத் தேதியில் எழுதிக் கொடுத்தாங்கன்னு அதில் இருக்கும். அரசோட நில ஆவண இணையதளத்தில் பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு. பட்டாவில் பேர் இருக்கறது மட்டுமே முழு உரிமைச் சான்று ஆகாது, ஆனா கேள்வி கேட்க அது போதும். வியாபாரம்னா ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவு விவரம், கம்பெனி இயக்குநரா இருந்தா கம்பெனி விவகார அமைச்சக இணையதளம்.

விவசாய வருமானம் இருக்கறவங்களுக்கு ராஜ்னேஷ் தீர்ப்பில் தனிப் படிவமே இருக்கு. நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், குத்தகையா, கடைசி 3 வருஷ வருமானம், ஆடு மாடு கோழி வரைக்கும் அதில் கேள்வி இருக்கு. அவர் அந்தப் படிவத்தையே போடலைன்னா அதையும் சொல்லுங்க.

இப்போ ஒரு எச்சரிக்கை. காட்டேஜ் கணக்கை எடுத்துப்போம். சீசன் சனிக்கிழமை வாடகை 2,500. நாலு ரூம். அதை 365-ஆல் பெருக்கி "வருஷம் 36 லட்சம் சம்பாதிக்கறார்"னு எழுதினா அந்த நிமிஷமே உங்க நம்பகத்தன்மை போச்சு. குற்றாலத்தில் அருவியில் தண்ணி எப்போ விழும்னு நீதிபதிக்கும் தெரியும். ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் சீசன், அதுக்கப்புறம் ஐயப்ப சீசனில் கொஞ்சம் கூட்டம், மத்த நாள் ஈ ஓட்டணும். சராசரி 1,500 ரூபாய், நாலு ரூம், வருஷத்தில் 60 நாள் நிறைஞ்சுச்சுன்னு வெச்சா 3,60,000. கரண்ட், ஆள் கூலி, பராமரிப்புன்னு மூணில் ஒரு பங்கு கழிச்சா 2,40,000. மாசத்துக்கு 20,000. இந்த எண் சின்னதுதான், ஆனா நிக்கும். "வேறு வருமானம்: இல்லை"ங்கிற வரியை உடைக்க இது தாராளம்.

அதே மாதிரி உரிமையிலும் நேர்மையா இருங்க. காட்டேஜ் உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே மாமியார் பேரில் இருந்தா அது அவர் சொத்து இல்லை, வாதாடாதீங்க. வாடகை யார் அக்கவுன்ட்டுக்குப் போகுதுன்னு கேளுங்க. ஆனா உங்க நோட்டீஸ் போன அடுத்த மாசம் அவர் பேரில் இருந்து அம்மா பேருக்கு செட்டில்மென்ட் பத்திரம் ஆகியிருந்தா, அது வேற கதை. வில்லங்கச் சான்றில் அந்தத் தேதியே உங்களுக்காகப் பேசும்.

படி 4: ஒரு பக்கத்தில் அட்டவணை

ஒரு ஏ4 தாளில் நாலு பத்தி போடுங்க: அவர் சொன்னது, அபிடவிட் பக்கம், என்கிட்ட இருக்கிற ஆவணம், கோர்ட்டிடம் நான் கேட்பது.

உதாரணமா முதல் வரி: "சம்பளம் 28,000" / பக்கம் 4 / நாங்க சேர்ந்து இருந்தப்போ ஜாயின்ட் அக்கவுன்ட்டில் விழுந்த 52,000, ஸ்டேட்மென்ட் இணைப்பு 2 / நிறுவனத்திடம் இருந்து கடைசி 36 மாசச் சம்பள விவரம்.

இரண்டாவது வரி: "வேறு வருமானம் இல்லை" / பக்கம் 5 / காட்டேஜ் முன்பதிவு தளத்தின் பக்கம், இணைப்பு 3 / வாடகை வரவு கணக்கு எண், 3 வருஷ ஸ்டேட்மென்ட்.

ஆவணம் இல்லாத சந்தேகம் இந்தத் தாளில் ஏறக் கூடாது. 15 சந்தேகத்தோட ஆரம்பிச்சு 5 வரியில் முடிஞ்சா நல்ல அட்டவணை. அந்த அஞ்சையும் நீதிபதி படிப்பார்.

ஸ்கிரீன்ஷாட், பிரிண்ட் அவுட் எல்லாம் மின்னணு ஆவணம். பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63 படி அதுக்குச் சான்றிதழ் இணைக்கணும் (பழைய 65பி-யோட புது வடிவம்). குடும்ப நீதிமன்றத்துக்கு பிரிவு 14 படி ஆதார விதியில் கொஞ்சம் தளர்வு உண்டு. அதை நம்பி சான்றிதழை விட்டுடாதீங்க. எந்தத் தேதியில், எந்த முகவரியில் எடுத்தீங்கன்னு பிரிண்ட்டிலேயே தெரியட்டும்.

படி 5: மூணு மனு, மூணு வேலை

அட்டவணையின் கடைசிப் பத்திதான் உங்க மனு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இதுக்கு மூணு கதவு இருக்கு.

*முதல் கதவு, எழுத்துக் கேள்விகள் (ஆணை 11, விதி 1).* கோர்ட் அனுமதியோட அவருக்குக் கேள்விப் பட்டியல் கொடுக்கறீங்க. அவர் அபிடவிட்டாவே பதில் சொல்லணும். கோர்ட் வேற கெடு வைக்கலைன்னா 10 நாள். கேள்வி குறுகலா இருக்கணும். "ஏன் என்னை ஏமாத்தினீங்க?" இது கேள்வியே இல்லை, நிராகரிச்சுடுவாங்க. "2023 ஏப்ரல் 1 முதல் இன்று வரை உங்கள் பெயரில் தனியாகவோ கூட்டாகவோ உள்ள வங்கிக் கணக்குகள் எவை? ஒவ்வொன்றின் வங்கி, கிளை, எண் தருக." இது கேள்வி.

*இரண்டாவது கதவு, ஆவணம் கொண்டுவரச் சொல்றது (ஆணை 11, விதி 12, 14).* அவர் கையில் இருக்கிற ஃபார்ம் 16, ஏஐஎஸ், பிஎஃப் பாஸ்புக், டீமேட் அறிக்கை, சம்பள ஸ்லிப் இதையெல்லாம் தேதியோட குறிப்பிட்டுக் கேளுங்க. ஏஐஎஸ் ரொம்ப முக்கியம். சம்பளம், வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்பனை, பெரிய சொத்துப் பரிவர்த்தனை எல்லாம் ஒரே இடத்தில் வரும். கோர்ட் உத்தரவு போட்டும் கொண்டுவரலைன்னா, விதி 21 படி எதிர்வாதத்தை நீக்கவும் கோர்ட்டால் முடியும்.

*மூணாவது கதவு, மூணாம் ஆளுக்கு சம்மன் (ஆணை 16).* நிறுவனத்தின் எச்ஆருக்கோ பேங்குக்கோ ஆவணம் அனுப்பச் சொல்லி கோர்ட் வழியா சம்மன். இதுக்குச் சாட்சிப் படி கட்டவேண்டி வரும். அதனால் முதல் ரெண்டு கதவும் திறக்காதப்போ இதைத் தட்டுங்க.

"அவர் வருமானத்தை நான் எப்படி நிரூபிக்கறது?"ன்னு பயப்படாதீங்க. ஒருத்தருக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயத்தை அவர்தான் நிரூபிக்கணும்ங்கிறது பழைய சாட்சியச் சட்டம் பிரிவு 106, இப்போ புதுச் சட்டத்தில் 109. சம்பளமும் சொத்தும் அப்படிப்பட்ட விஷயம்தான்னு ராஜ்னேஷ் தீர்ப்பு சொல்லுது. மனுவில் இந்த ஒரு வரியை மறக்காமல் எழுதுங்க.

செய்யவே கூடாதது

அவரோட ஜிமெயில் பாஸ்வேர்ட் உங்களுக்குத் தெரியும். நெட் பேங்கிங் பின்னும் தெரியும். கை அரிக்கும். வேண்டாம். அனுமதி இல்லாமல் உள்ளே போறது தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம் ஆகலாம். அவரைப் பிடிக்கப் போய் நீங்க மாட்டிக்குவீங்க.

பரமக்குடி சார்பு நீதிமன்றத்தில் ஒரு கணவர் தன் மனைவியோட போன் அழைப்புப் பதிவுகளை அவங்களுக்குத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் பண்ணினார். மனைவி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனாங்க. 2024 அக்டோபர் 30-ல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், கணவன் மனைவிக்கு நடுவிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்த ஆதாரம் செல்லாதுன்னு சொன்னார். அப்புறம் 2025 ஜூலை 14-ல் வேற ஒரு வழக்கில், ரகசியமா பதிவு பண்ணின கணவன் மனைவி உரையாடலை விவாகரத்து வழக்கில் ஆதாரமா ஏத்துக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அப்போ எல்லாம் சரியான்னா, இல்லை. அது நீங்களும் கலந்துக்கிட்ட பேச்சைப் பத்தினது. அவர் அக்கவுன்ட்டுக்குள் புகுந்து எடுக்கறதுக்கு அது லைசென்ஸ் ஆகாது. மேலே மூணு கதவு திறந்திருக்கும்போது சுவர் ஏறிக் குதிக்கவேண்டிய அவசியமே இல்லை.

இன்னும் ரெண்டு. அவர் ஆபீஸுக்கு மெயில் போட்டு மிரட்டாதீங்க. வேலை போனா ஜீவனாம்சம் எதில் இருந்து வரும்? அபிடவிட்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீங்க, உங்க பிள்ளையோட விவரமும் அதில்தான் இருக்கு.

"பொய் அபிடவிட் கேஸ்" எப்போ?

கோர்ட்டில் பொய்ச் சத்தியம் பண்ணினா நடவடிக்கை கேட்க முன்னாடி பிரிவு 340, இப்போ நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 379. கோர்ட் அவமதிப்பும் வரலாம்னு ராஜ்னேஷ் தீர்ப்பிலேயே இருக்கு. ஆனா முதல் வாய்தாவிலேயே இதைத் தூக்காதீங்க. இன்னும் ஆவணமே வரலை, எதை வெச்சுப் பொய்னு சொல்வீங்க? முதலில் கேள்வி, அப்புறம் ஆவணம், முரண்பாடு கறுப்பு வெள்ளையா தெரிஞ்ச பிறகு இந்த மனு. பல வழக்கில் ஆவணம் வந்தாலே தொகை சரியாயிடும். உங்க தேவை அவர் ஜெயிலுக்குப் போறதா, பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் கட்டறதா? அதை நீங்களே ஒரு தடவை யோசிச்சுக்கோங்க.

எழுந்து நிக்கும்போது

உங்க நம்பர் கூப்பிட்டதும் உங்களுக்குக் கிடைக்கப்போறது ரெண்டு நிமிஷம். பத்து வருஷக் கதைக்கு அங்கே இடம் இல்லை. வீட்டில் கண்ணாடி முன்னாடி இதைச் சொல்லிப் பழகுங்க:

"ஐயா, எதிர்த்தரப்பின் அபிடவிட்டில் அஞ்சு இடத்தில் தகராறு இருக்கு. ஒரு பக்க அட்டவணை தாக்கல் பண்ணியிருக்கேன். ராஜ்னேஷ் தீர்ப்புப்படி எழுத்துக் கேள்விகளுக்கும் ஆவணங்களுக்கும் மனு போட்டிருக்கேன். நகல் கொடுத்தாச்சு. உத்தரவு வேணும்."

அவ்வளவுதான். அவர் பக்கத்தில் இருந்து ஏதாவது குத்திப் பேசினாலும் அந்தப் பக்கம் திரும்பாதீங்க. பேச்சு எல்லாம் நீதிபதியைப் பார்த்து. வீட்டுக்கு வந்ததும் அன்னைக்கு என்ன நடந்துச்சு, அடுத்த வாய்தா எப்போன்னு ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்க. எத்தனை தடவை அவர் டைம் வாங்கினார்னு மூணாவது வாய்தாவில் அந்த நோட்டுதான் சொல்லும்.

சமரசம் பேசும்போது

குடும்ப வழக்கில் சமரசத்துக்கு முயற்சி பண்றது கோர்ட்டோட கடமை. அங்கே "மொத்தமா இவ்வளவு வாங்கிட்டு முடிச்சுக்கோ"ன்னு ஒரு தொகை வரும். வீட்டிலும் "அலைஞ்சது போதும், கையெழுத்துப் போடு"ம்பாங்க. அலுப்பு நிஜம்தான். சமரசமும் கெட்டது இல்லை, பல நேரம் அதுதான் நல்ல முடிவு.

ஆனா ஆவணம் வராமல் தொகைக்கு ஒத்துக்கறது, சம்பளம் கேட்காமல் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடற மாதிரி. 28,000 சம்பளத்தை வெச்சுப் பேசின தொகையும், 52,000 சம்பளமும் மாசம் 20,000 வாடகையும் வெச்சுப் பேசின தொகையும் ஒண்ணா இருக்காது. அந்த வித்தியாசம் உங்க பிள்ளையோட பத்து வருஷம். முதலில் கணக்கு, அப்புறம் பேச்சு. ஒத்துக்கிட்டா எவ்வளவு, எந்தத் தேதி, எந்த அக்கவுன்ட், தவணை தவறினா என்னன்னு எல்லாம் கோர்ட் பதிவில் ஏறட்டும். வாய் வார்த்தை வேண்டாம்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒண்ணு சொல்றேன். உங்க ஏஐஎஸ், மூணு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட், ஒருங்கிணைந்த முதலீட்டு அறிக்கை, மூணையும் டவுன்லோட் பண்ணி ஒரு ஃபைலில் போடுங்க. அடுத்தவர் கணக்கைக் கேள்வி கேட்கிற தைரியம், நம்ம கணக்கு சுத்தமா இருக்கும்போதுதான் வரும்.

இது பொதுவான தகவலுக்கான பதிவு. உங்க வழக்குக்கான ஆலோசனையைச் சட்டப் பணிகள் அலுவலகத்திலோ ஒரு வழக்கறிஞரிடமோ கேட்டு உறுதிப்படுத்திக்கோங்க. இந்த நிலைமையில் இருக்கிற நண்பர் யாராவது இருந்தா, அடுத்த வாய்தாவுக்கு முன்னாடி இதை அவங்களுக்கு அனுப்புங்க.